ஒரு கொத்து அரிசியின் அமையச் செலவு

உயர்தரம் படித்த காலத்தில் களுவாஞ்சிக்குடியில் ஒரு ரியூசன் கொட்டிலில்தான் எனக்குப் பொருளியல் ஆரம்பித்தது. தகரக் கூரை, மத்தியானம் ரெண்டு மணி வெயில், அறுபது எழுபது பேர். சேர் கரும்பலகையில் ரெண்டு அச்சு கீறினார். கீழே 'அரிசி', மேலே 'துணி'. நடுவில் வெளிப்பக்கம் வளைந்த ஒரு கோடு. "இதான் உற்பத்திச் சாத்திய வளையி. கோட்டுக்கு உள்ளே நின்றால் வளம் வீணாகுது. கோட்டுக்கு வெளியே போகேலாது. கோட்டில நிக்கேக்க ஒண்டக் கூட்டினா மற்றதக் குறைக்க வேணும். அந்த விட்டுக்கொடுக்கிறதுதான் அமையச் செலவு. எழுதுங்க."

எல்லாரும் எழுதினோம். பின்வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் எழும்பிக் கேட்டான். "சேர், அந்தக் கோட்டில எந்தப் புள்ளியில நிக்கிறதெண்டு ஆர் தீர்மானிக்கிற?"

சேர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சமூகம் தீர்மானிக்கும். சோதனைக்கு அது காணும்."

சோதனைக்கு அது காணும்தான். ஆனால் கம்பஸ் வந்து கலைப்பீடத்தில் வரலாறும் பொருளியலும் சேர்த்துப் படிக்கத் தொடங்கினதுக்குப் பிறகு அந்த ஒரு சொல் என்னை விடவே இல்லை. 'சமூகம்' என்றால் யார்? நெல்லா தேயிலையா, அரிசியா இறப்பரா என்று இந்தத் தீவில் முடிவெடுத்தபோது அந்தச் சமூகத்தில் எங்கட ஊர் இருந்ததா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போன கதை.

முதல்ல வாவியிலிருந்து

தெரியாதவர்களுக்காக ஊரைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே ஒரு முப்பது கிலோமீற்றர் வந்தால் களுவாஞ்சிக்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி. நாங்கள் இருப்பது எழுவான்கரை, சூரியன் எழும் கரை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. எங்கட பக்கம் மணல், தென்னை, வளவு, கடை. வயல் அந்தப் பக்கம். எங்கட ஊர்ப்பக்கத்துப் பலருக்கு இன்றைக்கும் குருமண்வெளித் துறையில் ஏறி மண்டூரில் இறங்கித்தான் வேளாண்மை.

பாடப்புத்தகம் அரிசியையும் துணியையும் காட்டி விளக்குவதை நான் வாவியைக் காட்டி விளக்கிப் பார்க்கிறேன். ஒருவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர் வயல், இந்தப் பக்கம் ஒரு தோணி, ஒரு வீச்சு வலை. ஒரு நாளைக்கு ஒரு ஆள் ஒரு இடத்தில்தான் நிற்கலாம். வயலுக்குப் போனால் அன்றைய மீன் இல்லை. அந்த மீன்தான் அன்றைய வயல் வேலையின் அமையச் செலவு. கையால் காசு எதுவும் கொடுக்கவில்லை, ஆனாலும் அது செலவு.

இப்ப கோடு ஏன் வளைகிறது? மீன் குறைவாகப் படுகிற நாளில் வலையை விட்டுவிட்டு வயலுக்குப் போனால் இழப்பது கொஞ்சம், ஒரு கறிக்கு மீன் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் இன்னும் நாட்களை வயலுக்கு மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் இறால் நன்றாகப் படுகிற நாட்களையும் விட வேண்டி வரும். அப்போது ஒரு நாள் வயல் வேலைக்கு ஒரு வாரச் சந்தைக் காசு போகும். முதல் நாள் மலிவு, கடைசி நாள் விலை. அதனால்தான் கோடு நேராக இல்லாமல் வெளிப்பக்கம் வளைகிறது. 'அதிகரிக்கும் அமையச் செலவு விதி' என்று பாடமாக்கியது இதைத்தான்.

இந்த உதாரணத்தில் இன்னொரு விசயமும் இருக்கு. முடிவெடுக்கிறவரும் இழக்கிறவரும் ஒரே ஆள். பிழையான முடிவெடுத்தால் அன்றிரவு அவர் வீட்டில்தான் கறி இல்லை. நாடு என்று வந்தவுடனே அது மாறிப்போகிறது.

ரிக்காடோவின் வைனும் எங்கட தேயிலையும்

நாடுகள் ஏன் எல்லாவற்றையும் தாங்களே செய்யாமல் வியாபாரம் செய்கின்றன என்பதற்கு 1817இல் டேவிட் ரிக்காடோ சொன்ன கணக்கு இன்றைக்கும் முதலாம் வருடப் பாடம். குறித்தளவு துணி செய்ய இங்கிலாந்துக்கு 100 பேரின் ஒரு வருட வேலை தேவை, வைனுக்கு 120 பேர். போர்த்துக்கலுக்குத் துணிக்கு 90 பேர், வைனுக்கு 80 பேர். ரெண்டையுமே போர்த்துக்கல் குறைந்த ஆட்களோடு செய்கிறது. அப்படியென்றால் இங்கிலாந்தோடு அதற்கு என்ன வியாபாரம்?

இந்த இடத்தில்தான் அமையச் செலவு வேலை செய்கிறது. இங்கிலாந்து ஒரு அலகு வைன் செய்ய 1.2 அலகு துணியை விட வேண்டும். போர்த்துக்கல் விடுவது 0.89 அலகு துணி மட்டும். ஆகவே வைன் போர்த்துக்கலுக்கு மலிவு, துணி இங்கிலாந்துக்கு மலிவு. அவரவர் மலிவானதைச் செய்து மாற்றிக்கொண்டால் ரெண்டு பேருக்கும் லாபம். இதுதான் ஒப்பீட்டு நன்மை. கணக்கில் பிழை இல்லை.

19ஆம் நூற்றாண்டு இலங்கையில் நடந்ததைப் பலர் இந்தக் கணக்கை வைத்தே விளக்குவார்கள். மலைநாட்டில் முதலில் கோப்பி. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிய, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தொடங்கிவைத்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு இறப்பர். கரையோரம் தென்னை. அவற்றை விற்ற காசில் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி. போருக்கு முன்னைய காலத்தில் இந்தத் தீவு சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. தேயிலை எங்களுக்கு மலிவு, அரிசி பர்மாவுக்கு மலிவு. ரிக்காடோ பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

ஆனால் அந்தப் புள்ளியைத் தெரிவு செய்தது யார்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று சொன்னது. ஊர்க்காரர் சேனை செய்த, மாடு மேய்த்த நிலமெல்லாம் அப்படித்தான் விற்பனைக்கு வந்தது. தோட்டத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். இன்னொரு பக்கம் நெல் விளைத்தவனிடம் நெல்வரி வாங்கினார்கள், அது 1892இல்தான் நீங்கியது. இவ்வளவையும் செய்த பிறகு 'இந்த நாட்டுக்குத் தேயிலைதான் மலிவு' என்றால், மலிவாக இருக்காமல் என்ன செய்யும்? ஒரு பொருளின் அமையச் செலவு மண்ணாலும் மழையாலும் மட்டும் வருவதில்லை. சட்டமும் கூலியும் சேர்ந்து அதைச் செய்கின்றன.

1942: கோட்டில் விரலை நகர்த்த முடியாத வருடம்

எங்கட பெத்தா இப்போது இல்லை. 1942இல் அவவுக்கு நாலு வயசு. கடல் பக்கம் இடி மாதிரிச் சத்தம் கேட்டதாகவும், எல்லாரும் வாவிக்கரைப் பக்கம் ஓடியதாகவும் சொல்லுவா. அது அவவின் சொந்த ஞாபகமா, தாய் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஞாபகம் ஆனதா என்று அவவுக்கே தெரியாது. ஆனால் நாள் தெரியும், ஏனென்றால் அது வரலாற்றில் இருக்கிற நாள்: 1942 ஏப்ரல் 9. பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட நாள். 300க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கப்பல் இன்றைக்கும் அங்கேதான் கிடக்கு.

அந்த வருடம் இலங்கைக்கு நடந்ததில் குண்டை விடப் பெரிய அடி வேறு. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. ரங்கூனோடு பர்மா அரிசியும் போனது. ஒரு மாதத்துக்குள் இந்தத் தீவின் சோற்றுப் பானையில் பெரும்பங்கு காலி.

பாடப்புத்தகப்படி இப்ப என்ன செய்ய வேண்டும்? தேயிலையைக் குறைத்து அரிசியைக் கூட்டி, கோட்டில் வேறு புள்ளிக்கு நகர வேண்டும். வரைபடத்தில் அதற்கு விரலை அசைத்தால் போதும். நிலத்தில் அது நடக்காது. மலைச்சரிவில் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு நெல் விதைக்கேலாது. தூர்ந்துபோன குளம் ஒரு மாதத்தில் தண்ணீர் தராது. இன்னொரு சிக்கலும் இருந்தது. மலாயா யப்பானியரிடம் போனதால் நேச நாடுகளுக்கு மிஞ்சியிருந்த முக்கியமான இயற்கை இறப்பர் இலங்கை இறப்பர்தான். மரம் அழிந்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். நாளைய இறப்பரைக் கொடுத்து இன்றைய இறப்பரை வாங்கின மாதிரி. சோறு இல்லாத தீவு டயருக்குப் பால் வடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளியை லண்டன் தெரிவு செய்தது.

எங்கட பக்கம் அந்தக் காலம் கூப்பன் காலம். அரிசி பங்கீடானது. உள்ளூர் நெல்லை அரசாங்கம் தான் குறித்த விலைக்கு வாங்கியது. மரவள்ளியும் கோதுமை மாவும் சாப்பாட்டுக்குள் வந்தன. மரவள்ளிக் கிழங்கு என்றால் பெத்தாவுக்குச் சாகும் வரைக்கும் ஒரு முகச்சுளிப்பு. "சோத்துக்குப் பதிலாத் திண்டது மனே. அது கறியில்ல, பலகாரமில்ல, பதில்." அவ சொன்ன அந்தப் 'பதில்' என்ற சொல்லை நான் பிறகு பொருளியல் புத்தகத்தில் 'பிரதியீட்டுப் பொருள்' என்று படித்தேன்.

இன்னும் தூரத்தில் இன்னொருவரும் செலவு கொடுத்தார். பர்மா அரிசி நின்றதும் இலங்கை இந்தியாவிடம் அரிசி கேட்டது. 1943 வங்காளத்தில் பஞ்சம், இருபது முப்பது இலட்சம் பேர் வரை செத்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்த வருட முற்பகுதியிலும் இந்தியாவிலிருந்து கொஞ்ச அரிசி இலங்கைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பஞ்சத்துக்கு அது மட்டும் காரணமில்லை. அரிசி எவ்வளவு இருந்தது என்பதை விட, யாருக்கு அதை வாங்க முடிந்தது என்பதுதான் முக்கியம் என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் காட்டினார். ஆனால் எங்கட கூப்பன் அரிசிக்கும் யாரோ விலை கொடுத்திருக்கலாம் என்பதை நினைக்காமல் அந்த வரலாற்றைப் படிக்க என்னால் முடியவில்லை.

25 சதம், 70 சதம்

சுதந்திரத்துக்குப் பிறகும் பங்கீட்டு அரிசி தொடர்ந்தது, மானிய விலையில். அதற்குக் காசு தேயிலையும் இறப்பரும் தந்தது. கொரியப் போர் நேரத்தில் இறப்பர் விலை ஏறியது, கை நிறையக் காசு. போர் சூடு தணிய இறப்பர் விலை விழுந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. ஒரு தொன் இறப்பருக்குக் கிடைக்கிற அரிசி குறைந்துகொண்டே போனது. எங்கட அரிசியின் அமையச் செலவை எங்கட வயலில் இல்லாமல் உலகச் சந்தை தீர்மானித்தது.

1952 டிசம்பரில் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி உடன்படிக்கை அதற்கான ஒரு பதில். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் அங்கே போக, 270,000 தொன் அரிசி இங்கே வரும், ஐந்து வருடத்துக்கு. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க இதற்காக நின்றார். சீனாவோடு வியாபாரம் செய்யாதே என்று சொன்ன அமெரிக்காவின் உதவி கைவிட்டுப் போனது. அதுவும் ஒரு அமையச் செலவுதான், தெரிந்தே கொடுத்தது.

அடுத்த வருடமே மற்றப் பதிலும் வந்தது. 1953 யூலையில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. கணக்குப்படி அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது: மானியத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் குளம் கட்டவோ தொழிற்சாலை தொடங்கவோ போகாத ரூபாய். அமையச் செலவை இவ்வளவு சுத்தமாக விளக்கிய வரவு செலவுத் திட்டம் வேறு இல்லை எனலாம்.

ஒகஸ்ட் 12இல் ஹர்த்தால். இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன, நாடு நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூடியது. பொலிஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது கப்பல் காட்சி இல்லை. 'புள்ளியை நாங்கள் தெரிவு செய்துவிட்டோம்' என்று மேலே இருந்தவர்கள் சொன்னபோது, அதன் செலவைக் கொடுக்க வேண்டியவர்கள் முதல் தடவையாக 'எங்களிடம் கேட்கவில்லையே' என்று திரும்பச் சொன்னார்கள். 'சமூகம் தீர்மானிக்கும்' என்ற சொல்லுக்கு ஓரளவு உயிர் வந்த நாள் அது.

பட்டிப்பளை ஆற்றின் கணக்கு

கோட்டையே வெளியே தள்ளிவிட்டால்? அரிசியும் கூடும், மற்றதையும் விட வேண்டியதில்லை. வளர்ச்சி என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். டி.எஸ். சேனநாயக்கவின் பெரிய கனவு அது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்வதை மறித்து, இங்கினியாகலயில் ஒரு அமெரிக்கக் கம்பனி அணை கட்டியது. அதன் பின்னால் தேங்கிய நீருக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர்.

தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் நீருக்குக் கீழே போனது யாருடைய நிலம் என்று பார்த்தால் வேடர்களின் வேட்டைக்காடு. நீர் பாய்ந்த நிலம் யாருக்குப் போனது என்று பார்த்தால் பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்த சிங்களக் குடும்பங்களுக்கு. அப்போது அது மட்டக்களப்பு மாவட்டம்தான், 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது. 1956 யூனில் தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி வந்த வன்முறையில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் பலர் கொல்லப்பட்டார்கள். குடியேறி வந்த ஏழைச் சிங்கள விவசாயியும் தன் ஊரை விட்டுத்தான் வந்தான், அதையும் சொல்ல வேண்டும். அவனையும் யாரோ ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைத்தார்கள்.

பிறகு வந்த பொருளியலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். பி.எச். ஃபார்மர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை 1970இல் வெளிவந்தது. திட்டத்தின் செலவு அதன் பயனை விட அதிகம் என்பதுதான் அதன் முடிவு. அதே காசைப் பழைய குளங்களைத் திருத்தப் போட்டிருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. ரூபாயில் போட்ட அந்தக் கணக்கிலேயே நட்டம். ரூபாயில் போட முடியாததை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஒரே புள்ளி, ரெண்டு முகம்

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான கூட்டரசாங்கம் ரிக்காடோவைத் திருப்பிப் போட்டது. வெளியிலிருந்து வாங்காதே, இங்கேயே விளைவி. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி அடைத்தது. 1973இல் உலகச் சந்தையில் அரிசியும் எண்ணெயும் தாறுமாறாக ஏற, நிலைமை இறுகியது. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகத் தடை. வழியில் தடைமரம் போட்டுப் பையைச் சோதித்தார்கள். பாணுக்கு விடியற்காலை வரிசை.

இந்தக் காலத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பத்தில் கேளுங்கள். மிளகாயும் வெங்காயமும் விற்று வீடு கட்டின கதை சொல்வார்கள், பொற்காலம் என்பார்கள். இதே காலத்தை மலையகத்தில் கேளுங்கள். அங்கே ஆட்களுக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலம் இல்லை. பங்கீடு குறைந்தபோது விளைவித்துச் சாப்பிட வழியில்லை. 1974இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் சட்டென்று மேலே போனது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கும் போயிருந்தது. 'சமூகம்' தீர்மானிக்கும்போது அவர்கள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

ஒரே நாடு, ஒரே கொள்கை, வளையியில் ஒரே புள்ளி. ஒரு தமிழ் வீட்டில் அது கல்வீடு, இன்னொரு தமிழ் வீட்டில் அது சாவு. அதனால்தான் யாராவது என்னிடம் 'மூடிய பொருளாதாரம் நல்லதா, திறந்த பொருளாதாரம் நல்லதா' என்று கேட்டால், முதலில் 'யாருக்கு?' என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

கோடு உள்ளே சுருங்கிய காலமும் உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கட பக்கத்துத் தென்னைகள் வரிசை வரிசையாகப் படுத்தன. ஒரு இரவில் உற்பத்திச் சாத்தியம் எவ்வளவு சுருங்கும் என்று அன்றைக்குக் கண்டார்கள். அதற்குப் பிறகு போர். சாமுவேல்சன் 1948இல் எழுதிய பாடநூலால் பிரபலமான 'துப்பாக்கியா வெண்ணெயா' உதாரணம் எங்களுக்கு உதாரணம் இல்லை. படுவான்கரைக்கு உரமும் எரிபொருளும் சோதனைச் சாவடிக் கட்டுப்பாட்டோடு போன வருடங்கள் அவை. போர் முடிந்தும் வரவு செலவுத் திட்டத்தில் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்று பாதுகாப்புக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதன் அமையச் செலவு என்ன என்று பாராளுமன்றத்தில் யாரும் வரைபடம் கீறுவதில்லை.

2021: எங்கட வீட்டுக் கணக்கு

இதுவரை சொன்னது புத்தகத்திலும் பெத்தாவிடமும் கேட்டது. இது நான் பார்த்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. மண்ணுக்கும் உடம்புக்கும் நல்லது என்று காரணம் சொன்னார்கள். டொலர் தட்டுப்பாடு என்பது எல்லாருக்கும் தெரிந்த மற்றக் காரணம். சேதனப் பசளை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஒரு போகத்துக்குள் பாய முடியாது என்பதை 1942 சொல்லித் தந்திருந்தது. நாடு அதைப் படிக்கவில்லை.

அந்தப் பெரும்போகம் அப்பா அந்தப் பக்கத்து வயலை வழக்கம்போல விதைத்தார். பயிர் மஞ்சளாக நின்றது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் கையில் உரம் வரவில்லை. கறுப்பில் விற்ற விலைக்கு வாங்கேலாது. வெட்டும் காலம் வந்தபோது, வெட்டும் மெசினுக்குக் கொடுக்கிற காசுக்காவது நெல் வருமா என்று அவர் வரம்பில் நின்று யோசித்ததை நான் பார்த்தேன். அடுத்த சிறுபோகம் டீசலும் இல்லை, வயலைச் சும்மா போட்டார். அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது. அக்கா செய்ய இருந்த கணக்கியல் படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போனது, பிறகு அப்படியே நின்றுபோனது.

நாட்டுக் கணக்கில் என்ன நடந்தது? உரத்துக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த டொலரை, விளைச்சல் விழுந்ததும் அரிசி இறக்குமதிக்குக் கொடுக்க வேண்டி வந்தது. தேயிலையும் அடிவாங்கியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனால் அக்காவின் படிப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. அதை நான் இங்கே எழுதுகிறேன், வேறெங்கும் அது பதியப்படாது என்பதால்.

ஆற்றுவாய் வெட்டுகிற நாள்

அப்ப தீர்மானமே எடுக்காமல் இருக்கிறதா? இல்லை. வளம் அரிது, தெரிவு செய்துதான் ஆக வேண்டும். சேர் சொன்னதில் அந்தப் பகுதி முழு உண்மை.

ஒவ்வொரு மாரியிலும் எங்கட பக்கம் ஒரு தெரிவு நடக்கும். மழை அடித்துப் பெய்ய வாவி ஏறும். படுவான்கரையில் வயலுக்குள் தண்ணீர் நிற்கும், கதிர் அழுகும். விவசாயிகள் முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்பார்கள். மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குள் பாய்ந்து வயல் தப்பும். ஆனால் தண்ணீரோடு மீனும் இறாலும் போய்விடும், நேரத்தோடு வெட்டினால் உப்பு ஏறும் என்று வாவியில் தொழில் செய்கிறவர்கள் சொல்வார்கள். ஒரு அச்சில் நெல், ஒரு அச்சில் மீன். நூறு வீதம் உற்பத்திச் சாத்திய வளையி.

எல்லா வருடமும் நல்ல முடிவு வரும் என்று சொல்லமாட்டேன். சண்டை வந்திருக்கு, பிந்தி வெட்டி வயல் போயிருக்கு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. வயல்காரரும் வாவிக்காரரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். பல வீடுகளில் ரெண்டும் ஒரே குடும்பம். கூட்டம் நடந்தால் இழக்கப் போகிறவர் எழும்பி "எனக்கு இவ்வளவு போகும்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அதிகாரிகள் மண்வெட்டிக்கு உத்தரவு கொடுக்க வேண்டி வரும். 1942இலும் 1949இலும் 1974இலும் 2021இலும் இல்லாமல் போனது அந்த ஒரு ஆள்தான்.

பின்வாங்கில் இருந்து கேள்வி கேட்ட அவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். போன கிழமை இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று சொன்னேன். "பதில் கண்டுபிடிச்சிட்டியா?" என்று கேட்டான். பாதிதான் என்றேன். புள்ளியை யார் தெரிவு செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது, செலவைக் கொடுக்கிறவர் அந்தக் கூட்டத்துக்குள் எப்படி வருவது என்பதுதான் மிச்சம்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இஞ்ச வெயில் ஐம்பதுக்குக் கிட்ட" என்றான். அவன் இங்கே விட்டுப்போனது என்ன என்று நான் கேட்கவில்லை.